மிச்சம் ஆறு

ஒலிபெருக்கி இரண்டு முறை இருமிவிட்டுப் பேசத் தொடங்கியது.

"பயணிகளுக்கு ஒரு நல்ல செய்தி. நம்ம படகுல மாட்டியிருக்கிற புது எஞ்சின், நூத்துக்கு முப்பது பங்கு டீசலை மிச்சம் பண்ணியிருக்கு. திரும்பவும் சொல்றேன். நூத்துக்கு முப்பது."

திரும்பவும் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. ஒருமுறை சொன்னாலே அக்கரையில் பஸ்ஸுக்கு நிற்பவர்களுக்கும் கேட்கும். பேசியது படகுச் சங்கத்தின் தலைவி. துறையில் மைக் பொருத்திய நாளிலிருந்து அவருக்கு மைக்கம்மா என்றே பெயர். தொலைந்து போன குடையிலிருந்து பிறந்த குழந்தை வரைக்கும் அவர் அறிவிக்காதது எதுவும் இல்லை.

"சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டம். எஞ்சின்காரர் கையெழுத்துப் போட்டதும் புது எஞ்சின் நிரந்தரமா படகுலயே இருக்கும். கணக்குல ஏதாவது தப்பு இருந்தா கழட்டிட்டுப் பழசையே மாட்டிடுவோம். அதுக்கு அவசியம் வராது."

படகின் சுக்கான் அறையில் உட்கார்ந்திருந்த எஞ்சின்காரர், "முப்பதாம்" என்றார். அறையில் வேறு யாரும் இல்லை.

இருபத்தாறு வருடமாக அதே ஆற்றில் அதே படகை ஓட்டுகிறவர். தினமும் முதல் நடைக்கு முன்னால் கீழே இறங்கி, எஞ்சின் மேல் கையை வைத்து, "ஆண்டவனே, இன்னிக்கும் கூட்டிட்டுப் போய் கூட்டிட்டு வா" என்று சொல்லிவிட்டுத்தான் ஓட்டுவார். கடவுளை நம்புகிற அளவுக்கு அவர் மனிதர்களை நம்புவதில்லை. அதற்குக் காரணம் ஒரு காந்தம்.

பல வருடங்களுக்கு முன் ஒருவன் வந்தான். டீசல் குழாயில் இந்தக் காந்தத்தைக் கட்டினால் டீசல் செலவு பாதியாகக் குறையும் என்றான். சோதித்துக் காட்டினான். குறைந்தது. எஞ்சின்காரர் நம்பிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவன் போன மறுவாரம் எஞ்சின் பழையபடியே குடித்தது. சோதனையன்று அளந்து வைத்த டீசல் கேனுக்குள் அவன் யாருக்கும் தெரியாமல் இன்னும் டீசல் ஊற்றியிருக்கிறான் என்பது பிறகுதான் புரிந்தது. அன்றிலிருந்து துறையில் அவருக்குக் காந்தம் என்று பெயர். "என்ன காந்தம், சௌக்கியமா?" என்று கேட்டுக்கொண்டே படகில் ஏறுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இந்தப் புது எஞ்சினைச் செய்தவன் அந்நியன் இல்லை. அவர் மனைவியின் தம்பி. கடைசல் பட்டறையில் வேலை பார்த்தபடியே ஆறு வருடம் உழைத்து அதைச் செய்திருந்தான். சொந்தக்காரன் என்பதாலேயே அவருக்குச் சந்தேகம் இன்னும் அதிகமாக இருந்தது. மறுபடி ஏமாந்தால் ஊர் சிரிப்பதோடு நிற்காது, வீட்டிலும் தலை நிமிர முடியாது.

அதோடு, புது எஞ்சின் மாட்டிய நாளிலிருந்து சுக்கான் அறையில் அவர் கால் வைக்கும் பலகை வேறு சூடாக இருந்தது. கீழே எஞ்சின் அளவுக்கு மீறிக் கொதிக்கிறது, என்றைக்காவது நடு ஆற்றில் நின்றுவிடப் போகிறது என்று அவர் கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

சோதனை நடந்த விதம் இதுதான். ஒரு கேனில் இருபது லிட்டர் அளந்து ஊற்றி, அதிலிருந்து மட்டும் எஞ்சினுக்கு டீசல் போகும்படி செய்து, பத்து நடை ஓட்டுவது. பழைய எஞ்சினைப் போன மாதம் எஞ்சின்காரரே சோதித்தார். பதினாறு லிட்டர் குடித்தது. அதைச் சட்டைப்பை நோட்டில் எழுதி, நோட்டை ஸ்பேனர் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். மைத்துனன் கேட்டபோது காட்டவில்லை.

"உன்னோடது ஓடி முடியட்டும். இப்பவே காட்டினா அதுக்கேத்த மாதிரி ஏதாவது செஞ்சுடுவ."

"சரி மாமா" என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.

புது எஞ்சினைச் சோதித்த அன்று அவர் படகை ஓட்டினார். ஆனால் உறவுக்காரர் என்பதால் சங்கம் அவரைக் கேன் பக்கம் விடவில்லை. கேனைப் பார்த்துக்கொண்டு, முடிவைச் சீட்டில் எழுதி மைக்கம்மாவிடம் கொடுத்தவர், படகைக் கரையில் கட்டும் கயிற்றுக்காரர். நல்ல மனிதர். வார்த்தைகளைத்தான் எண்ணி எண்ணிச் செலவழிப்பார்.

அறிவிப்பு முடிந்ததும் எஞ்சின்காரர் நேராக அவரிடம் போனார்.

"அண்ணே, சோதனையில எவ்வளவு மிச்சம்?"

"ஆறு."

"நல்லா பாத்தீங்களா?"

"ஆறு."

"கண்ணால பாத்தீங்களா?"

கயிற்றுக்காரர் முடிச்சிலிருந்து நிமிர்ந்து அவரைப் பார்த்தார். "காதாலயா பாப்பாங்க?"

எஞ்சின்காரர் மனதுக்குள் கழித்துப் பார்த்தார். பதினாறில் ஆறு போனால் பத்து. பத்து லிட்டரில் பத்து நடை. நீரோட்டத்தை எதிர்த்து, அறுபது பேரை ஏற்றிக்கொண்டு. எங்கேயோ இன்னொரு கேன் இருக்கிறது. இவரும் அதற்கு உடந்தையா?

அன்று சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் நான்கு பேருக்கு முன்னால் அவர் வாய்விட்டே சொல்லிவிட்டார். "எங்கயோ இன்னொரு கேன் இருக்கு. கண்டுபிடிக்காம விடமாட்டேன்." நான்கு பேரும் டீயை முடிக்குமுன் கிளம்பிப் போனார்கள். இப்படிப்பட்ட செய்தியை வைத்துக்கொண்டு யாரால் உட்கார்ந்து டீ குடிக்க முடியும்?

மறுநாள் மதியம் படகு ஓய்வில் நிற்கும் நேரம். மைத்துனன் தானே வந்தான். பழைய எஞ்சினைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்த கொட்டகையில், எஞ்சின்காரர் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார்.

"மாமா, இன்னொரு கேன் இருக்குன்னு சொன்னீங்களாமே."

"இல்லேன்னு நீ சொல்லு பாப்போம்."

"இல்ல."

"சரி, அதை விடு. எனக்கு ஒண்ணு புரிய வை. நீ படிச்சவன், நான் பட்டவன். ஒரு லிட்டர் டீசல் எரியுது. அந்தச் சூட்டுல மூணுல ஒரு பங்குதான் படகைத் தள்ளுது. ஒரு பங்கு புகைபோக்கி வழியா வானத்துக்குப் போகுது. இன்னொரு பங்கு தண்ணில கலந்து ஆத்துக்குப் போகுது. உங்க தாத்தா காலத்து எஞ்சினும் அப்படித்தான், என் பேரன் காலத்து எஞ்சினும் அப்படித்தான். இதுல நீ எங்கேந்து ஆறு லிட்டரைப் புடுங்கின?"

"மூணுல ஒரு பங்குங்கறது சாமி போட்ட கோடு இல்ல மாமா. கொஞ்சம் நகரும். தண்ணிக்குப் போற பங்குல இருந்துதான் நான் கொஞ்சம் திருப்பறேன். சாதா எஞ்சின்ல சிலிண்டருக்கு மேல ஹெட்டுன்னு ஒண்ணு இருக்கில்ல? வெடிக்கிற சூட்டுல நிறைய அதுக்குள்ளதான் இறங்குது. என் எஞ்சின்ல ஹெட்டே இல்ல. ஒரே சிலிண்டர்ல ரெண்டு பிஸ்டன் எதிரெதிரா வருது. நடுவுல வெடிக்குது. ரெண்டையும் தள்ளுது. சூடு ஓடி ஒளிய இடம் கம்மி."

"தலையில்லாத எஞ்சின்."

"ஆமா."

"செஞ்சவனுக்கும் இல்ல போல."

மைத்துனன் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை.

"ரெண்டு பிஸ்டன்னா ரெண்டு மடங்கு உரசல். அங்க போய்டாதா நீ மிச்சம் பிடிச்சது?"

"கொஞ்சம் போகும். உரசலைக் குறைக்கத்தான் நாலு வருஷம் ஆச்சு. எஞ்சின் ஆயிலும் மத்த எஞ்சினை விடக் கொஞ்சம் அதிகமா எரிக்குது. அதை நான் மறைக்கல. எல்லாம் போகத்தான் மிச்சம்."

"அந்த மிச்சம் முப்பதா?"

மைத்துனன் தார்ப்பாயின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தான். "எனக்கும் அதிகமாத்தான் தெரியுது மாமா. நான் எதிர்பார்த்தது பத்து, பன்னெண்டு. பழைய எஞ்சின் எவ்வளவு குடிச்சதுன்னு உங்களுக்கு மட்டுந்தானே தெரியும். நீங்க மைக்கம்மாகிட்ட சொல்லியிருப்பீங்க, அதை வெச்சுத்தான் முப்பதுன்னு சொல்றாங்கன்னு நினைச்சேன். நீங்க சொன்னா சரியாத்தானே இருக்கும்."

அந்த நேரத்திலாவது அவர் பெட்டியைத் திறந்து நோட்டைக் காட்டியிருக்கலாம். கைக்கெட்டும் தூரத்தில்தான் பெட்டி இருந்தது. ஆனால் சந்தேகம் பிடித்தவனுக்கு எதிராளியின் நேர்மையும் தந்திரமாகத்தான் தெரியும். எனக்கும் அதிகமாகத் தெரிகிறது என்கிறானே, எவ்வளவு கெட்டிக்காரன் என்றுதான் அவருக்குத் தோன்றியது.

"படகைத் தேடிப் பாக்கப் போறேன்" என்றார்.

"வாங்க. டார்ச் எடுத்துட்டு வரேன்."

படகின் அடித்தளம் பகலிலும் இருட்டாக இருக்கும். எஞ்சின்காரர் மண்டிபோட்டு ஒவ்வொரு பலகையாகத் தட்டிக்கொண்டு போனார். மைத்துனன் பின்னாலேயே டார்ச் பிடித்து வந்தான். அவர் கை போகும் இடத்துக்கு முன்னால் வெளிச்சம் போய் நின்றது. புகைக்குழாய்க்குப் பின்னால் அவர் கையை விடப் போனபோது, "இருங்க, அது சுடும்" என்று தோளில் கிடந்த துணியை எடுத்து அவர் கைக்குள் வைத்தான். திருடன் வீட்டைச் சோதிக்க வந்தவனுக்குத் திருடனே விளக்குப் பிடிப்பதை அவர் எங்கும் கேள்விப்பட்டதில்லை. அதனால் அந்த வெளிச்சத்தையும் அவர் சந்தேகப்பட்டார். காட்ட வேண்டியதை மட்டும் காட்டுகிறானோ?

அரை மணி நேரம் கழித்து அது அகப்பட்டது. விரல் பருமனில் ஒரு செம்புக் குழாய். எஞ்சினின் பக்கவாட்டிலிருந்து கிளம்பி, பலகைக்குப் பின்னால் நுழைந்து, மேல்நோக்கிப் போனது. பழைய எஞ்சினில் அப்படி ஒரு குழாய் கிடையாது.

"இது என்ன?"

டார்ச் வெளிச்சம் முதல்முறையாகக் கொஞ்சம் ஆடியது. "அது ஒண்ணுமில்ல மாமா."

"ஒண்ணுமில்லாததுக்கா செம்புல குழாய்?"

குழாயைத் தொட்டுக்கொண்டே போனார். அது அவரைப் படிக்கட்டில் ஏற்றி, சுக்கான் அறைக்கே கொண்டுபோய் விட்டது. அவருடைய நாற்காலிக்கு முன்னால், அவர் கால் வைக்கும் பலகைக்குள் மறைந்தது. அவர் திருகுகளைக் கழற்றிப் பலகையைத் தூக்கினார். தம் காலடியிலேயே கேனை ஒளித்திருக்கிறான்.

கேன் இல்லை. குழாய் நான்கு சுற்றுச் சுற்றிப் பாம்பு போலப் படுத்திருந்தது. சுற்று முடிந்து மறுபக்கம் ஆற்றை நோக்கி வெளியே போனது. தொட்டுப் பார்த்தார். இதமான சூடு. நுனி இணைப்பைத் தளர்த்தினார். வெந்நீர் வடிந்தது. முகர்ந்து பார்த்தார். வெறும் தண்ணீர்.

"எஞ்சினைக் குளிர வெச்சுட்டு வெளிய போற தண்ணி" என்றான் மைத்துனன் மெதுவாக. "எப்படியும் ஆத்துலதான் விழப்போகுது. முதல் நடையில குளிருக்கு உங்க முட்டி பிடிச்சுக்குதுன்னு அக்கா சொன்னாங்க. போற வழியில காலைச் சுத்திட்டுப் போகட்டும்னு விட்டேன்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா கழட்டச் சொல்லுவீங்க."

எஞ்சின்காரர் ஈரக் கையோடு உட்கார்ந்திருந்தார். ஒன்பது நாளாக அவர் சந்தேகப்பட்ட சூடு அது. மனம் ஒரு கணம் இளகியது. அடுத்த கணமே பழைய வழிக்குத் திரும்பிவிட்டது.

"கையெழுத்துக்காகக் கால்ல விழறியா, மாப்ளே?"

மைத்துனனின் முகம் மாறியது. டார்ச்சை அணைத்து, துணியால் துடைத்து, பலகை மேல் வைத்தான். "கையெழுத்து உங்க இஷ்டம் மாமா. குழாயை எஞ்சினுக்காக வைக்கல, உங்க காலுக்காக வெச்சேன். இன்னும் எங்கயாவது தேடணும்னா சொல்லுங்க, பிடிக்கிறேன்."

அவன் பலகையைத் தானே திருகி மூடிவிட்டு இறங்கிப் போனான்.

அன்று சாயங்காலம் வீடு அமைதியாக இருந்தது. சீருடை தைக்கும் கடையில் வேலை முடித்து அவருக்கு முன்பே வந்திருந்த மனைவி, வந்தவரிடம் டீ வேண்டுமா என்று கேட்கவில்லை. டீயை வைத்துவிட்டுப் போனாள். கேட்பதை விட அது மோசம் என்று அவருக்குத் தெரியும்.

"கடையில பொத்தான் தைக்கிற பொண்ணு கேட்கறா, உங்க தம்பி கேனை எங்க ஒளிச்சு வெச்சிருந்தாருன்னு" என்றாள் அறைக்குள்ளிருந்து. "கிடைச்சுதா?"

"இல்ல."

"கிடைக்கலன்னும் அதே பெஞ்சுல உக்காந்து சொல்லுவீங்களா?"

அவர் கை கழுவக் குளியலறைக்கு எழுந்து போனார். அவர்கள் தெருவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள்தான் குழாயில் தண்ணீர் வரும். அறைக்குள்ளிருந்து மனைவியின் குரல் தொடர்ந்தது. "பாத்து ஊத்துங்க. தொட்டில ரெண்டு குடந்தான் மிச்சம்."

பேச்சை மாற்ற ஒரு வழி கிடைத்ததென்று அவர் அவசரமாகச் சொன்னார். "பரவால்லயே, ரெண்டு குடம் மிச்சம் பண்ணிட்டியே."

"மிச்சம் பண்ணலங்க. மிச்சம் இருக்கு. எட்டுக் குடம் செலவாகி, தொட்டில நிக்கறது ரெண்டு. தமிழ்தானே பேசறேன்?"

சொம்பு அவர் கையிலேயே நின்றது.

"இப்ப என்ன சொன்ன?"

"தமிழ்தானே பேசறேன்னு சொன்னேன்."

"அதுக்கு முன்னாடி."

அவள் எட்டிப் பார்த்தாள். கணவர் தொட்டித் தண்ணீரை, அதற்குள் யாரோ விழுந்துவிட்டதைப் போலப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சனிக்கிழமை காலை முதல் நடைக்கு முன்பே அவர் கயிற்றுக்காரரிடம் போனார்.

"அண்ணே, மைக்கம்மாகிட்ட ஒரு சீட்டு குடுத்தீங்களே, அதுல என்ன எழுதினீங்க?"

"மிச்சம் ஆறு."

"எங்க மிச்சம்?"

இப்படியும் ஒரு கேள்வியா என்பது போல அவர் பார்த்தார். "கேன்ல. வேற எங்க?"

"கேன்ல ஆறு இருந்துதா? அப்ப பதினாலு செலவாச்சா?"

"இருபதுல ஆறு போனா பதினாலு."

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கக் கூடாதாண்ணே?"

"நீங்க மிச்சந்தானே கேட்டீங்க?"

எஞ்சின்காரர் படகுக்கு வந்து ஸ்பேனர் பெட்டியைத் திறந்து நோட்டை எடுத்தார். பழையது: செலவு பதினாறு. புதியது: செலவு பதினான்கு. இரண்டு லிட்டர். எட்டில் ஒரு பங்கு. பத்து, பன்னிரண்டு எதிர்பார்த்தேன் என்று அவன் சொன்னதற்கு ஏறக்குறைய அதேதான்.

பொய் சொன்னவர் யாரும் இல்லை. கயிற்றுக்காரர் கேனில் இருந்ததை எழுதினார். மைக்கம்மா அதைச் சேமித்ததாகப் படித்து, இருபதில் ஆறு என்றால் நூற்றுக்கு முப்பது என்று கணக்குப் போட்டார். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய எண் மட்டும் ஒரு பூட்டுக்குள் இருந்தது. பூட்டின் சாவி எஞ்சின்காரர் இடுப்பில் இருந்தது.

இனி அவர் செய்ய வேண்டியது சுலபம் என்று மனதின் ஒரு மூலை சொன்னது. முப்பது பொய் என்று எழுந்து சொன்னால் போதும். அது உண்மையும்கூட. எஞ்சினைக் கழற்றிவிடுவார்கள். காந்தம் இந்தத் தடவை ஏமாறவில்லை என்று ஊர் பாராட்டும். தாம் நோட்டைப் பூட்டி வைத்ததை யாரும் கேட்கப் போவதில்லை. மைத்துனன் மட்டும் ஆயுளுக்கும் கேன் திருடனாக இருப்பான்.

அவர் கீழே இறங்கி, தலையில்லாத அந்த எஞ்சின் மேல் முதல்முறையாகக் கையை வைத்தார். ஒன்பது நாளாக அவர் அதை வணங்காமலே ஓட்டியிருந்தார். "ஆண்டவனே" என்றார். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. கேட்பவனுக்கு அது போதுமானதாக இருந்திருக்கும்.

பத்து மணிக்குப் பயணிகள் காத்திருக்கும் கொட்டகையில் நாற்பது பேர் கூடியிருந்தார்கள். மைத்துனன் கடைசித் தூணோடு சாய்ந்து நின்றான். அவனைச் சுற்றிக் கொஞ்சம் இடம் காலியாக இருந்தது. எஞ்சின்காரர் அந்தக் காலி இடத்தைப் பார்த்தார். அது அவர் போட்ட வட்டம்.

மைக்கம்மா தாளை நீட்டினார். "கையெழுத்துப் போடுங்க."

"முதல்ல மைக்கைக் குடுங்கம்மா."

மைக்கம்மா மைக்கை யாரிடமும் கொடுத்துப் பழக்கமில்லாதவர். இருந்தாலும் கொடுத்தார்.

"முப்பதுங்கறது தப்பு" என்றார் எஞ்சின்காரர். அவர் குரல் ஆற்றைத் தாண்டி அக்கரைக்குப் போய்த் திரும்பி வந்தது. கூட்டம் தூண் பக்கம் திரும்பியது. "அங்க பாக்காதீங்க, இங்க பாருங்க. ஆறுங்கறது கேன்ல மீந்தது. செலவு பதினாலு. பழைய எஞ்சினுக்குப் பதினாறு. அதை நான் யாருக்கும் காட்டாம பூட்டி வெச்சிருந்தேன். காட்டியிருந்தா இந்தக் குழப்பமே வந்திருக்காது. இன்னொரு கேன் இருக்குன்னு டீக்கடையில சொன்னேன். தேடினேன். இல்ல. எனக்கு டார்ச் பிடிச்சதே அவர்தான்."

அவர், இவர் என்று அவர் மைத்துனனைச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

"அப்ப நான் மைக்ல சொன்னது?" என்றார் மைக்கம்மா. முகம் சிவந்திருந்தது.

"நீங்க படிச்சதுல தப்பில்லம்மா. மிச்சம்னா ரெண்டும்தான். தப்பு பெட்டியில இருந்தது."

முன்வரிசையில் ஒரு மீன்காரர் கேட்டார். "ரெண்டு லிட்டருக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?"

"முன்னே எட்டு நடை போன டீசல்ல இப்ப ஒன்பது நடை போகலாம். இருபத்தாறு வருஷத்துல எந்த எஞ்சினும் எனக்கு அந்த ஒன்பதாவது நடையைத் தரல. ஆனா இது ஒரு தடவை பாத்ததுதான். மாசா மாசம் அளக்கணும். கேனை நடுத்தளத்துல வெச்சு, யார் வேணும்னாலும் பாக்கலாம். நான் சந்தேகப்படறதை நிறுத்தமாட்டேன். பூட்டி வெச்சு சந்தேகப்படறதை நிறுத்திட்டேன்."

"காந்தம் நேராயிடுச்சுப்பா" என்று யாரோ சொன்னார்கள். சிரிப்பு எழுந்தது. தூணுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில், எங்கிருந்தோ வந்த கயிற்றுக்காரர் போய் நின்றுகொண்டார். மைத்துனனின் தோளில் கையை மட்டும் போட்டுக்கொண்டார்.

எஞ்சினை வைத்துக்கொள்வதென்று முடிவானது. எஞ்சின்காரர் தாளில் முப்பதை அடித்து, மிச்சம் என்ற சொல்லையும் அடித்து, 'செலவு 16, செலவு 14' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

பதினொன்றரை மணி நடைக்கு மைத்துனனும் படகில் ஏறினான். சுக்கான் அறை வாசலில் வந்து நின்றான். கரை விலகியது.

"மாப்ளே."

"சொல்லுங்க மாமா."

"அந்தக் குழாய், இடது முட்டிப் பக்கம் கொஞ்சம் எட்டல."

மைத்துனன் குனிந்து பலகையைப் பார்த்தான். "இன்னும் ஒரு சுத்து விடணும். மதியம் விட்டுடறேன்."

"நான் டார்ச் பிடிக்கிறேன்" என்றார் அவர்.